இரவல் வாங்கிய ஆண்டு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விளையாட்டும் வரலாறும் என்ற எல்லைக்குள் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்று அறக்கட்டளையினர் விட்டுவிட்டார்கள். அகல உழுவதைவிட ஆழ உழுவது நல்லது என்பதால், ஒரே ஒரு கால்பந்து அணியையும் அதன் ஒரே ஒரு பெயரையும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அந்தப் பெயருக்கு ஆயுள் 40 நாள்தான்.

2006 ஜனவரி 25 அன்று, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில், புதிதாக வந்திறங்கிய ஒரு கால்பந்து அணிக்குப் பெயர் சூட்டினார்கள்: 'ஹூஸ்டன் 1836'. மார்ச் 6 அன்று அதே அணி 'ஹூஸ்டன் டைனமோ' ஆகிவிட்டது. சூட்டிய பெயரோடு ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. ஒரு நான்கு இலக்க எண்ணில் அப்படி என்ன கோபம் இருக்க முடியும் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் அணியின் கதை. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் 'எர்த்குவேக்ஸ்' என்று ஓர் அணி இருந்தது. 2001, 2003 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மேஜர் லீக் சாக்கர் கோப்பையை வென்ற அணி. அங்கே சொந்த மைதானம் கட்ட வழி பிறக்கவில்லை. உரிமையாளரான ஆன்ஷூட்ஸ் நிறுவனம் 2005 டிசம்பரில் ஆட்டக்காரர்களையும் பயிற்சியாளரையும் ஹூஸ்டனுக்குக் கிளப்பிக்கொண்டு போனது. பெயரும் நிறமும் வென்ற கோப்பைகளின் கணக்கும் சான் ஹோசேக்கே சொந்தம் என்று விட்டுவிட்டார்கள். அதனால் ஹூஸ்டனுக்கு வந்தது ஒரு விசித்திரமான அணி. ஆடத் தெரிந்தவர்கள் தயாராக நிற்கிறார்கள். ஆனால் சட்டையில் எழுத ஒன்றுமில்லை. ஏப்ரலில் லீக் தொடங்கிவிடும். ரசிகர்களிடம் இணைய வழியே கருத்துக் கேட்டார்கள், விளம்பர ஆட்களைக் கூட்டி உட்கார்ந்தார்கள், ஒரு எண்ணோடு எழுந்து வந்தார்கள்.

எண்ணைப் பெயராக வைப்பது ஐரோப்பிய வழக்கம், குறிப்பாக ஜெர்மானிய வழக்கம். ஹனோவர் 96, ஷால்கே 04, மைன்ஸ் 05, மியூனிக் 1860. அமெரிக்கக் கால்பந்துக்காரர்களுக்கு அந்தக் காலத்தில் ஐரோப்பியக் களை வேண்டியிருந்தது. கழுகு, காளை, குதிரை என்று பெயர் வைத்தால் அது பேஸ்பால் வாசனை அடிக்கும். எண் வைத்தால் பழைய கிளப் மாதிரி இருக்கும். கணக்கு அவ்வளவுதான். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு படி விட்டுப்போனது. ஹனோவர் 96 என்றால் அந்தக் கிளப் 1896-இல் தோன்றியது என்று பொருள். ஷால்கே 04 என்றால் 1904. அவை தங்கள் வயதைச் சொல்கின்றன. ஹூஸ்டன் அணி பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நேர்மையாக எண் வைப்பதென்றால் 'ஹூஸ்டன் 2005' என்றோ 'ஹூஸ்டன் 06' என்றோ வைத்திருக்க வேண்டும். அதில் களை இல்லை. ஆகவே தன் வயதை விட்டுவிட்டு ஊரின் வயதை எடுத்துக்கொண்டது. வாழாத 170 வருடத்தை இரவல் வாங்கியது. என் பேச்சின் மையம் இதுதான்: ஓர் ஆண்டை இரவல் வாங்கினால், அதில் நமக்குப் பிடித்த ஒரு நாளை மட்டும் கழற்றி எடுத்துக்கொள்ள முடியாது. ஆண்டு முழுவதும் கூடவே வரும்.

அந்த ஆண்டில் என்னவெல்லாம் நடந்தது என்று பார்ப்போம். அன்றைக்கு டெக்சாஸ், மெக்சிகோவின் ஒரு பகுதி. அமெரிக்காவிலிருந்து வந்த வெள்ளைக் குடியேறிகள் அங்கே ஏற்கெனவே இருந்த மெக்சிகோக்காரர்களைவிடப் பல மடங்கு பெருகிவிட்டார்கள். மெக்சிகோவில் அதிபர் சாந்தா அனா 1824-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தைத் தூக்கி எறிந்து அதிகாரத்தைத் தலைநகரில் குவித்தபோது கிளர்ச்சி மூண்டது. 1836 மார்ச் 2 அன்று சுதந்திரப் பிரகடனம். மார்ச் 6 அன்று, 13 நாள் முற்றுகைக்குப் பிறகு, சான் அன்டோனியோவின் அலமோ கோட்டை வீழ்ந்தது. உள்ளே நின்று போராடியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் செத்தார்கள். மார்ச் 27 அன்று கோலியாட் என்ற ஊரில், சரணடைந்திருந்த டெக்சாஸ் கைதிகள் 300-க்கும் மேற்பட்டவர்களை மெக்சிகோப் படை சுட்டுக் கொன்றது. ஏப்ரல் 21 அன்று, இன்றைய ஹூஸ்டனுக்குக் கிழக்கே சான் ஹசிந்தோ சதுப்பு நிலத்தில், சாம் ஹூஸ்டன் என்ற தளபதியின் படை பிற்பகல் வேளையில் மெக்சிகோ முகாமின் மேல் பாய்ந்தது. சண்டை 18 நிமிடத்தில் முடிந்தது என்று டெக்சாஸ் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் ஒப்பிப்பார்கள். முடிந்தது சண்டை, கொலை முடியவில்லை. 'அலமோவை மறவாதே, கோலியாட்டை மறவாதே' என்று கத்திக்கொண்டு, சேற்றில் சிக்கிக் கையைத் தூக்கியவர்களையும் கொன்றார்கள். மெக்சிகோப் பக்கம் செத்தவர்கள் 600-க்கும் மேல். டெக்சாஸ் பக்கம் 9 பேர்.

இதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று, நியூயார்க் மாநிலத்திலிருந்து வந்த அகஸ்டஸ் ஆலன், ஜான் ஆலன் என்ற இரண்டு சகோதரர்கள் செய்தித்தாளில் ஒரு விளம்பரம் கொடுத்தார்கள். பஃபலோ பாயூ என்ற ஓடையின் கரையில் மனை விற்பனைக்கு. இடம் மேடானது, ஆரோக்கியமானது, கடற்காற்று வீசும் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். உண்மையில் கொசுவும் சேறும் நிறைந்த தாழ்வான நிலம். 'பஸ் நிலையத்திலிருந்து பத்தே நிமிடம்' என்று நம் ஊரில் பொட்டல் காட்டை விற்கிறவர்களுக்கு இவர்கள் பெரியப்பா முறை. அந்த மனைப் பிரிவுக்குப் பெயர் ஹூஸ்டன். நான்கு மாதத்துக்கு முன் சண்டையில் வென்ற தளபதியின் பெயர்தான்.

அதனால்தான் 2006-இல் அணி நிர்வாகம் சொன்ன சமாதானம் நிற்கவில்லை. 'நாங்கள் குறித்தது நகரம் பிறந்த ஆண்டை, போரை அல்ல' என்றார்கள். நகரமே அந்தப் போரின் பிள்ளை. அதன் பெயரே அந்தத் தளபதிக்குச் செலுத்திய மரியாதை. சரி, அதையும் விடுவோம், அணியின் சின்னத்தைப் பார்த்தால் என்ன இருந்தது? நகரத்து ஓடை இல்லை, துறைமுகம் இல்லை, எண்ணெய் இல்லை, விண்வெளி இல்லை. டெக்சாஸின் ஐங்கோண நட்சத்திரம். அதன் நடுவே குதிரைமேல் கையை நீட்டி அமர்ந்திருக்கும் ஒரு மனிதனின் நிழலுருவம். அந்த ஊர் ஹெர்மன் பூங்காவின் வாசலில் 1925-இல் நிறுத்திய சாம் ஹூஸ்டன் சிலையின் வடிவம் அது. சிலையின் கை காட்டுகிற திசை சான் ஹசிந்தோ என்று ஊரார் சொல்வார்கள். வாயால் நகரம் என்று சொல்லிவிட்டு நெஞ்சில் தளபதியைக் குத்திக்கொண்டால் யார்தான் நம்புவார்கள்?

ஹூஸ்டனில் அன்று 100 பேரில் 37 பேர் லத்தீன் அமெரிக்க வழி வந்தவர்கள். 2000-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு அது. அவர்களில் பெரும்பகுதி மெக்சிகோ வழியினர். கால்பந்துக்கு டிக்கெட் வாங்கிக் குடும்பத்தோடு வரக்கூடியவர்கள் யார் என்றால் முதலில் அவர்கள்தான். அவர்களிடமிருந்து எதிர்ப்புக் கிளம்பியதில் வியப்பில்லை. வியப்பு எங்கே என்றால், இதே லீக் அதற்கு முந்தைய ஆண்டுதான், 2005-இல், லாஸ் ஏஞ்சலிஸில் மெக்சிகோ ரசிகர்களுக்காகவே குவாதலஹாராவின் சீவாஸ் கிளப்புக்குத் தங்கை அணியாக 'சீவாஸ் யுஎஸ்ஏ'வை இறக்கியிருந்தது. அங்கே கையைக் கூப்பி வரவேற்றவர்களை இங்கே வாசலிலேயே முகம் சுளிக்க வைத்தார்கள்.

எதிர்த்தவர்கள் சொன்னதை 'மெக்சிகோ தோற்றதில் வருத்தம்' என்று சுருக்கினால் அது அநியாயம். 1836-க்குப் பிறகு அந்த மண்ணில் ஸ்பானிய மொழி பேசியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் அவர்கள் மனத்தில் இருந்தது. ஹுவான் செகீன் என்ற ஒரு மனிதரைச் சொன்னால் போதும். சான் அன்டோனியோவில் பிறந்த மெக்சிகோ வழியினர். சாந்தா அனாவை எதிர்த்து டெக்சாஸ் பக்கம் நின்றவர். அலமோ முற்றுகையின்போது தூது போக வெளியே அனுப்பப்பட்டதால் உயிர் தப்பினார். சான் ஹசிந்தோவில் தம் இனத்துப் படைப்பிரிவை நடத்திச் சென்றார். எதிரி என்று நினைத்துத் தம் பக்கத்து ஆட்களே சுட்டுவிடக் கூடாது என்பதற்காக, அவருடைய வீரர்கள் தொப்பிப் பட்டையில் அட்டைத் துண்டைச் செருகிக்கொண்டு சண்டைக்குப் போனார்கள். ஒரே பக்கம் நின்று சாகத் துணிந்தவர்களுக்கும் அடையாள அட்டை வேண்டியிருந்தது. அலமோவில் எரிக்கப்பட்ட வீரர்களின் சாம்பலை மறு ஆண்டு சேகரித்து மரியாதையோடு அடக்கம் செய்தவரும் செகீன்தான். 1839-இல் ஓர் ஊருக்கே அவர் பெயரை வைத்தார்கள். அவர் சான் அன்டோனியோவின் மேயரும் ஆனார். 1842-இல் துரோகி என்று பழி சுமத்தப்பட்டு, உயிருக்கு அஞ்சி மெக்சிகோவுக்கு ஓடினார். பெயர் ஊரில் இருந்தது. ஆள் இருக்க முடியவில்லை.

பெயரை ஆதரித்தவர்கள் இதே செகீனைத்தான் சான்றுக்கு அழைப்பார்கள்: 'பாருங்கள், மெக்சிகோ வழியினரும் எங்களோடு நின்றார்கள், இது எல்லோருக்கும் பொதுவான விடுதலை' என்று. டெக்சாஸ் குடியரசின் முதல் துணைத் தலைவர் லொரென்சோ தெ சவாலா மெக்சிகோவில் பிறந்தவர் என்பதும் உண்மை. ஆனால் 1836 வரைக்கும் செகீனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, 1842-க்கு அவரைக் கூட்டிப் போகாமல் விடுவது வழக்கறிஞர் வேலை, வரலாறு அல்ல.

இந்தச் சண்டையில் பெரிதும் எழாத குரல் ஒன்றும் இருக்கிறது. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடக் கனமாகப் படுகிறது. மெக்சிகோ 1829-இல் அடிமை முறையை ஒழிக்க ஆணையிட்டது. டெக்சாஸ் குடியேறிகள் முரண்டுபிடித்து விலக்கு வாங்கினார்கள். 1836-இல் அவர்கள் எழுதிய புதிய அரசியல் சட்டம் என்ன சொன்னது? அடிமைகளை விடுவிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குக் கிடையாது. சுதந்திரமான கறுப்பினத்தவர் ஒருவர் நாடாளுமன்றத்தின் அனுமதியின்றி அந்தக் குடியரசில் குடியிருக்கவே முடியாது. ஹூஸ்டனில் கறுப்பின மக்கள் தொகையும் பெரிது. அவர்களுக்கு அந்த ஆண்டு என்னவாக இருந்தது என்று பெயர் சூட்டிய கூட்டத்தில் யாராவது ஒருவர் கேட்டிருந்தால், விளம்பரப் பலகை அச்சுக்கே போயிருக்காது.

ஆதரித்த ரசிகர்களை நான் கேலி செய்ய வரவில்லை. அவர்களுடைய மனக்குறையில் நியாயம் இருந்தது. ஊருக்கு லீக் கால்பந்து வேண்டும் என்று பல ஆண்டாக ஏங்கியவர்கள். பெயர் வந்தது, சட்டைக்கும் சால்வைக்கும் ஆசைப்பட்டார்கள், ஒரு மாதம் கழித்து அது இல்லை என்றார்கள். டெக்சாஸில் பிறந்த ஒருவனுக்கு 1836 என்பது பள்ளிப் பருவத்திலிருந்து ஊட்டி வளர்த்த பெருமை. சான் ஹசிந்தோவில் நிற்கும் நினைவுத் தூண் 567 அடி. தலைநகர் வாஷிங்டனில் உள்ள தூணைவிட உயரம் என்று சொல்லிச் சொல்லி மகிழ்கிற ஊர் அது. அவனைப் பார்த்து 'உன் பிறந்தநாள் இன்னொருவனுக்குத் துக்கநாள்' என்று சொல்கிறபோது கொஞ்சம் பொறுமையாக, காரணத்தோடு சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை. நிர்வாகம் கணக்குப் பார்த்தது, டிக்கெட் விற்காது என்று தெரிந்தது, பெயரைச் சுருட்டி வைத்துவிட்டது. எடுத்த முடிவு சரி. எடுத்த விதத்தில் ஊர் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

அவசரம் எப்படிப்பட்டது என்பதற்கு அந்த நாளே சாட்சி. பெயரை மாற்றி அறிவித்தது மார்ச் 6. அலமோ வீழ்ந்து சரியாக 170 ஆண்டு நிறைந்த நாள். வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த நாள் என்று நான் நினைக்கவில்லை. நாள்காட்டியைப் பார்க்காமல் பெயர் வைத்தவர்கள் நாள்காட்டியைப் பார்க்காமலே அதை எடுத்தார்கள், அவ்வளவுதான்.

வந்த புதுப்பெயரும் ஐரோப்பிய இரவல்தான். 1980-களில் ஹூஸ்டனிலேயே 'டைனமோஸ்' என்று ஒரு கால்பந்து அணி இருந்தது என்பது ஒரு சாக்கு. ஆனால் உலகக் கால்பந்தில் டைனமோ என்றால் மாஸ்கோ, கீவ், கிழக்கு பெர்லின். அந்த விளையாட்டுக் கழகம் 1923-இல் சோவியத் ரகசியப் போலீஸின் நிழலில் தொடங்கியது. பின்னணியில் நின்றவர் அந்தப் போலீஸின் தலைவர் ஃபெலிக்ஸ் ஜெர்ஷின்ஸ்கி. கிழக்கு பெர்லின் டைனமோவின் புரவலர், கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸான ஸ்டாசியின் தலைவர் எரிஹ் மீல்கே. 1979 முதல் 1988 வரை தொடர்ந்து 10 முறை கிழக்கு ஜெர்மனியின் பட்டத்தை அந்த அணி வென்றது, எல்லாம் பந்தால் மட்டும் வந்ததல்ல என்று மற்ற ஊர் ரசிகர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார்கள். லைப்சிக்கிலோ ட்ரெஸ்டெனிலோ அந்தப் பெயரின் எடை வேறு. ஹூஸ்டனில் அதைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களே. பெயரின் நஞ்சு கேட்கிறவர்களின் நினைவில்தான் இருக்கிறது. அந்த நினைவு உள்ளவர்கள் எத்தனை பேர் அரங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே தீர்ப்பை முடிவு செய்கிறது.

இது சங்கடமான உண்மை. சான் பிரான்சிஸ்கோவின் அமெரிக்கக் கால்பந்து அணி 'ஃபார்ட்டிநைனர்ஸ்'. 1849-இல் தங்கம் தேடிக் கலிபோர்னியாவுக்குப் படையெடுத்தவர்களின் பெயர். அதுவும் ஓர் ஆண்டுதான். அந்தத் தங்க வேட்டையைச் சுற்றிய கால் நூற்றாண்டில் கலிபோர்னியாவின் பூர்வகுடிகள் சுமார் ஒன்றரை லட்சத்திலிருந்து 30,000 அளவுக்குக் குறைந்தார்கள். நோய், பசி, கூலிக்கு ஆள் வைத்துச் செய்த கொலை. 1836-ஐ எதிர்க்க ஹூஸ்டனில் லட்சக்கணக்கானோர் இருந்தார்கள். 1849-ஐப் பெரிதாக எதிர்க்க, எதிர்த்து வெல்ல, ஆள் மிச்சமில்லை. எந்தப் பெயர் அதிகம் புண்படுத்தியது என்பதைப் பொறுத்து மட்டும் பெயர்கள் மாறுவதில்லை.

பழைய பெயர்களின் கதையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வாஷிங்டனின் அமெரிக்கக் கால்பந்து அணி பூர்வகுடிகளின் தோல் நிறத்தை இழிவாகக் குறிக்கும் பெயரை 1933 முதல் 87 ஆண்டுகள் வைத்திருந்தது. பூர்வகுடி அமைப்புகள் பல பத்தாண்டு போராடின. 2013-இல் உரிமையாளர் டான் ஸ்னைடர் ஒருபோதும் மாற்றமாட்டேன் என்றார். 2020 ஜூலையில், மைதானத்துக்குப் பெயர் உரிமை வாங்கியிருந்த ஃபெட்எக்ஸ் நிறுவனம் மாற்றச் சொன்னதும் இரண்டு வாரத்துக்குள் பெயர் போனது. கிளீவ்லாந்து பேஸ்பால் அணி 1915 முதல் இருந்த 'இந்தியன்ஸ்' பெயரை விட்டு 2022 ஆட்டப் பருவத்தில் 'கார்டியன்ஸ்' ஆயிற்று. நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரில் 2019 மார்ச்சில் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்ட பிறகு, அந்த ஊர் ரக்பி அணிக்கு 'குருசேடர்ஸ்' என்ற பெயர் தகுமா என்ற கேள்வி எழுந்தது. அவர்கள் பெயரை வைத்துக்கொண்டு, வாளையும் குதிரை வீரனையும் சின்னத்திலிருந்து எடுத்தார்கள். பாதிக் கிணறு தாண்டிய வேலை என்பது என் எண்ணம்.

இவற்றோடு ஒப்பிட்டால் ஹூஸ்டனில் 40 நாளில் காரியம் முடிந்ததற்குக் காரணம் ஹூஸ்டன்காரர்களின் நல்ல மனம் அல்ல. அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தி யாரும் இன்னும் தொண்டை கட்டிக்கொள்ளவில்லை. அப்பாவோடு பார்த்த முதல் ஆட்டம், கடைசி நிமிட கோல் எதுவும் அதில் ஒட்டவில்லை. வாஷிங்டன் ரசிகன் காத்து நின்றது அந்த வசைச் சொல்லை அல்ல, தன் சிறுவயதை. அதனால்தான் அவனோடு வாதாடுவது அவ்வளவு கடினம்.

புதுப்பெயருக்கு அந்த நினைவு உடனே கிடைத்தது. 2006 ஏப்ரல் 2 அன்று ராபர்ட்சன் மைதானத்தில் முதல் ஆட்டம். கொலராடோவை 5-2 என்று அடித்தார்கள். பிரையன் சிங் மட்டும் 4 கோல். அந்த ஆண்டு கோப்பை, அடுத்த ஆண்டும் கோப்பை, இரண்டு முறையும் இறுதி ஆட்டத்தில் நியூ இங்கிலாந்து அணியைத் தோற்கடித்து. அணி வரிசையாகத் தோற்றிருந்தால் '1836 என்றே வைத்திருக்கலாம்' என்ற முணுமுணுப்பு இன்னும் பத்து வருடம் ஓடியிருக்கும்.

ஆனால் 1836 ஒழிந்துவிடவில்லை. அது இடம் மாறிக்கொண்டது. அந்த அணியின் முதல் ரசிகர் மன்றத்தின் பெயர் 'டெக்சியன் ஆர்மி'. சான் ஹசிந்தோவில் சண்டையிட்ட அதே படையின் பெயர். பக்கத்திலேயே ஸ்பானிய மொழியில் பெயர் வைத்துக்கொண்டு 'எல் பத்தாயோன்' என்று இன்னொரு மன்றம், முரசும் பாட்டுமாக. டல்லாஸ் அணியோடு ஆடும் மாநிலப் போட்டியில் வெல்கிறவர்களுக்குப் பரிசு ஒரு பீரங்கி; அதற்குப் பெயர் 'எல் கபித்தான்'. ரசிகர்கள் தங்கள் மன்றத்துக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அது விரும்பிச் சேர்கிறவர்களின் கூட்டம். பிடிக்காதவன் பக்கத்து கேலரிக்குப் போகலாம். ஊர்ப் பெயரைச் சட்டையில் எழுதி, ஊர்ப் பணத்தில் மைதானம் கேட்கிற கிளப்புக்கு அந்த வசதி கிடையாது. ஹூஸ்டன் நிர்வாகம் டிக்கெட் கணக்குப் பார்த்து வந்து சேர்ந்த இடமும் இதுதான். முதல் நாளே ஊரைக் கணக்குப் பார்த்திருந்தால் 40 நாளும் மிச்சமாகியிருக்கும், அச்சடித்த சட்டைகளும் மிச்சமாகியிருக்கும்.